ஒரு வீட்டுக்கு ஒரு கை

கையில் நாலு சீட்டு வந்ததும், எது பெரிய சீட்டு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் தோற்கிறவர்கள். நாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அந்த ஆயிரத்தில் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எந்தத் தடவை என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆட்டத்தின் பெயர் ஓமஹா. போக்கரில் ஒரு வகை. என் தம்பி கப்பலில் இன்ஜின் ரூமில் ஆறு வருஷம் வெந்துவிட்டு, கரைக்கு வந்து ஜெனரேட்டர் ரிப்பேர் கடை போட்டபோது கையோடு கொண்டுவந்தது. ஆளுக்கு நாலு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். அதைப் பார்த்துவிட்டு இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிடலாம்; அதைத்தான் கையைப் 'போடுவது' என்போம். இறங்கினவர்களுக்காக நடுவில் ஐந்து சீட்டு திறப்பார்கள். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. அது எல்லோருக்கும் பொது. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று, இந்த ஐந்தைச் சேர்த்துப் பார்த்தால் யாருடையது உசத்தியோ அவருக்கு வெற்றி. கையிலிருந்து ஒன்று எடுக்கக் கூடாது, மூன்றும் எடுக்கக் கூடாது. இரண்டு என்றால் கண்டிப்பாக இரண்டு.

சூதாட்டம் என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். நாங்கள் வைத்து ஆடியது சட்டைப் பட்டன். நான் வேலை செய்கிற தையல் கம்பெனியில் ஓரம் உடைந்த பட்டன்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடுவார்கள். அதில் ஒரு டப்பா நிறைய எடுத்து வந்தேன். சாயங்காலம் யாரிடம் பட்டன் குறைவாக இருக்கிறதோ அவர் அடுத்த வாரம் டீயும் பிஸ்கட்டும் வாங்க வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். அந்தப் பந்தயத்துக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கம்பெனியில் எனக்குக் கடைசிச் செக்கிங் டேபிள். பத்தொன்பது வருஷமாக அதே டேபிள். டியூப் லைட்டுக்குக் கீழே சட்டையை விரித்து, காலர், கை, பட்டன் பட்டி, பக்கத் தையல் என்று கண்ணை ஓட்டுவேன். ஒரு தையல் தாண்டியிருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளுவேன். ஒரு சட்டைக்கு நாற்பது செகண்டு. தைக்கிற பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கிற பெயர் 'அம்பு'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும் என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பழக வந்தவர் நடு ரோட்டில் ஏழு தடவை வண்டியை ஆஃப் செய்து, பின்னால் இருபது வண்டி ஹாரன் அடித்தாலும், "பரவாயில்லைங்க, அவங்களுக்கு ஹாரன் நல்லா இருக்கான்னு செக் பண்றாங்க, நீங்க மெதுவா கிளட்ச்சை விடுங்க" என்று சிரிப்பார். காலையில் வாயைத் திறந்தால் ராத்திரி படுக்கும் வரைக்கும் பேச்சுத்தான். "ஒரு நாளாவது அந்த வாய்க்கு லீவு விடுங்களேன்" என்று நானே கத்தியிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். மூளையில் ரத்தக் கட்டு. உயிர் பிழைத்தது. கால் இரண்டு மாதத்தில் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் அவருக்குள் இருந்தது; நாக்கு வரைக்கும் வந்து நின்றுகொண்டது. "தண்ணி", "போதும்", "வீட்டுக்கு" என்று ஒற்றை வார்த்தையாக நாளுக்கு ஏழெட்டு வரும். இரண்டு வார்த்தை சேர்ந்து வராது. அவருக்குப் பேச்சு வருமா, வராதா? எங்கள் வீட்டில் அப்போது வேறு கேள்வியே கிடையாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னாள். "நாலு பேர் இருக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குப் பேசணும்னு ஆசை வரணும்." அது ஒன்று. "அவர் ஒரு வார்த்தையை ஆரம்பிச்சா குறுக்க பேசாதீங்க. நீங்களா முடிச்சும் வைக்காதீங்க. ஒரு நிமிஷம் ஆனாலும் காத்திருங்க." அது இரண்டாவது. நான் தலையைத் தலையை ஆட்டினேன்.

தம்பிதான் வழி கண்டுபிடித்தான். "அக்கா, சீட்டு ஆடலாம். மாமாவுக்குப் பேசாமலும் ஆட முடியும், பேசணும்னு தோணினா பேசவும் முடியும்." இவருடைய சிநேகிதர் ஒருவர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது. பின்பக்கத்து அறையில், கலர் கலக்குகிற மேஜை மேல் பழைய போர்வையை விரித்து, கவிழ்த்த டின்கள் மேல் உட்கார்ந்து ஆட்டம் ஆரம்பமானது. பெயிண்ட் கடைக்காரர், தம்பி, இவர். நாலாவதாகக் கடை மாடியில் குடியிருக்கிற கணக்கு டீச்சர். டீச்சருக்குச் சீட்டு என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது.

நான் போனது துணைக்கு. ஒற்றைக் கையால் நாலு சீட்டைப் பிடிக்க முடியாது என்பதால், தம்பி ஒரு மரக்கட்டையில் கோடு அறுத்துக் கொண்டுவந்தான். சீட்டை எடுத்து அந்தக் கட்டையில் சொருகி இவர் முன்னால் நிறுத்துவது என் வேலை. இறங்குவதா வேண்டாமா என்பதை இவர் இடது கையால் காட்டுவார். பட்டனை முன்னால் தள்ளினால் இறங்குகிறார் என்று அர்த்தம்.

எப்போதும் தள்ளுவார்! எந்த நாலு சீட்டு வந்தாலும் தள்ளுவார். இரண்டு, ஏழு, ஒன்பது, கிங், நாலும் ஸ்பேடு, ஹார்ட்டு என்று நாலு ஜாதி, அதற்கும் தள்ளுவார். நடுவில் மூன்று சீட்டைத் திறக்கும்போது கழுத்தை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். அதைப் பார்ப்பதற்காகத்தான் அவர் இறங்கினார் என்பது இப்போது புரிகிறது. தோற்றால் தொடையில் தட்டிக்கொண்டு வாயின் இடது பக்கத்தால் சிரிப்பார். பெயிண்ட் கடைக்காரரும் அதே ரகம். "பாத்துடலாமே மாஸ்டர், காசா பணமா" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து தோற்றுச் சேர்ந்து சிரிப்பார்கள்.

எனக்கோ பற்றிக்கொண்டு வரும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துத் தள்ளுகிறவள் நான். கண்ணுக்கு முன்னால் ஒரு குப்பைக் கை உள்ளே போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? நாலைந்து வாரத்தில் ஆட்டம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டது என்றால் சாதாரணமாக இல்லை, பித்துப் பிடித்துவிட்டது. நாலு சீட்டிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு ஜோடி கிடைக்கும். மூன்று சீட்டு ஒற்றுமையாக இருந்து ஒன்று மட்டும் முறைத்துக்கொண்டு நின்றால், ஆறில் மூன்று ஜோடி அப்போதே வீண். அதனால் நாலும் சேர்ந்து வேலை செய்கிற கையோடு மட்டும் இறங்க வேண்டும். ஒன்பது, பத்து, ஜாக், குயின் என்று வரிசையாக வரலாம். இரண்டு ஏஸ் வந்து, ஒவ்வொரு ஏஸுக்கும் அதே ஜாதியில் ஒரு துணை இருந்தால் ரொம்ப நல்லது. மற்றதெல்லாம் போடு. அதுவும் எங்கள் மேஜை போல எல்லோரும் ஆசைப்பட்டு இறங்குகிற இடத்தில், காத்திருக்கிறவள்தான் ஜெயிப்பாள். டீச்சர் என்னை மெச்சிக்கொண்டார். "இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தீங்க?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்கும் ஒரு கை போடுங்க" என்று அடுத்த வாரம் நானும் டின்னை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு சிக்கல் வந்தது. இவருடைய சீட்டைச் சொருகுகிறவள் நான். அவர் கையைப் பார்த்துவிட்டு என் கையையும் ஆடினால் மற்றவர்களுக்கு நியாயமா? டீச்சர்தான் தீர்ப்புச் சொன்னார். "ஒரு வீட்டுக்கு ஒரு கை. மாஸ்டர் இறங்கினா நீங்க இறங்கக் கூடாது. அவர் போட்டுட்டா நீங்க இறங்கலாம்." அவர் என் வலது பக்கம் உட்கார்ந்திருந்ததால் முதலில் அவர் முறை, அப்புறம்தான் என் முறை. எல்லோரும் சரி என்றோம். இவரும் தலையை ஆட்டினார்.

இவரோ எல்லாக் கைக்கும் இறங்குகிறவர். எனக்கு எங்கே ஆட்டம் கிடைக்கும்? நல்ல கையாக வரும், ஆசையாகப் பார்ப்பேன். அதற்குள் இவர் மூன்றும் எட்டும் வைத்துக்கொண்டு பட்டனைத் தள்ளியிருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைக் கவிழ்ப்பேன்.

ஒருநாள் கம்பெனியிலேயே உட்கார்ந்து ஒரு அட்டையில் பட்டியல் எழுதினேன். எந்தெந்தக் கைக்கு இறங்கலாம் என்று பதினோரு வரி. அதைக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஏங்க, இதுல இருந்தா மட்டும் தள்ளுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எத்தனை வாரம் நாமளே பிஸ்கட் வாங்கறது?" என்றேன். உங்க நல்லதுக்கு! அப்படித்தான் சொன்னேன்.

அவர் பட்டியலைப் பார்த்து ஆட ஆரம்பித்தார். சந்தேகம் வந்தால் என் முகத்தைப் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்கினால் போட்டுவிடுவார். தொடையில் தட்டுவது நின்றது. பெயிண்ட் கடைக்காரர், "என்ன மாஸ்டர், ரொம்ப உஷாராயிட்டீங்க?" என்று கேட்டார். தம்பி ஒருநாள் வண்டியில் திரும்பி வரும்போது, "அக்கா, மாமாவை அவர் இஷ்டத்துக்கு விடேன்" என்றான். "நீ போடா, உனக்கென்ன தெரியும்" என்று அவன் வாயை அடைத்தேன். அந்த வாரங்களில் நான் நிறைய ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சீட்டுப் போட்டான். முதலில் என் நாலு சீட்டின் முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் இவருடையதை எடுத்துச் சொருக ஆரம்பித்தேன். முதல் சீட்டு ஜாக். இரண்டாவதும் ஜாக். மூன்றாவதும் ஜாக். நாலாவதைச் சொருகும்போது என் கை தானாக நின்றது. அதுவும் ஜாக்.

இந்த ஆட்டத்தில் அதைவிட மோசமான கை அதிகம் கிடையாது. கையிலிருந்து இரண்டைத்தான் எடுக்க முடியும். சீட்டுக்கட்டில் இருக்கிற நாலு ஜாக்கும் கையிலேயே இருந்தால், நடுவில் இன்னொரு ஜாக் எங்கிருந்து வரும்? வெறும் ஒரு ஜோடி. அதைத் தாண்டித் தானாக எதுவும் வளராது. பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

ஆனால் பார்க்க எப்படி இருந்தது தெரியுமா! நாலு ஜாதி ஜாக்கும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு கட்டையில் நின்றார்கள். இவர் குனிந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது, செயலற்றுக் கிடந்த வலது கன்னம்கூட அசைந்த மாதிரி இருந்தது. இடது கை பட்டனை நோக்கிப் போகவில்லை. பெயிண்ட் கடைக்காரர் பக்கம் திரும்பி, அவர் முழங்கையைப் பிடித்தார். வாய் திறந்தது.

"நா... நாலும்..."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். பதினோரு மாதத்தில் அவர் தானாக ஒருவரைப் பிடித்து நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை.

"நாலும்... ஒ... ஒண்..."

"ஷ்ஷ்! சும்மா இருங்க. சீட்டை வெளிய சொல்லுவாங்களா?" என்றேன். அவர் காதோரம் குனிந்து, "குப்பைங்க இது. சுத்தக் குப்பை. போடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் காத்திருக்கவில்லை. நானே நாலு சீட்டையும் கட்டையிலிருந்து உருவிக் கவிழ்த்துத் தள்ளிவிட்டேன். போட்ட சீட்டை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. யாரும் பார்க்கவில்லை. பெயிண்ட் கடைக்காரர், "என்ன மாஸ்டர் சொல்ல வந்தீங்க?" என்று கேட்டார். இவர் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று.

இனிமேல் சொல்லப்போவதை நான் தம்பியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. நான் கவிழ்த்து வைத்திருந்த என் கையில் இரண்டு ஏஸ், இரண்டு கிங். ஒவ்வொரு ஏஸுக்கும் அதே ஜாதியில் ஒரு கிங். இந்த ஆட்டத்தில் இதற்கு மேல் ஒரு கை கிடையாது. எத்தனையோ வாரமாக அதற்காகத்தான் காத்திருந்தேன். அவர் இறங்கினால் நான் அதைப் போட்டாக வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு கைதானே? அதனால் அவரை அவசரப்படுத்தினேன். குப்பை என்று நான் சொன்னது உண்மை. ஆனால் தங்கமே வந்திருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜெயிக்கவும் செய்தேன். நடுவில் மூன்றாவது கிங் வந்தது. டீச்சர் கடைசி வரைக்கும் கூடவே வந்து பட்டன் கொட்டினார். நான் நாலு சீட்டையும் திருப்பிப் போட்டபோது, "அடேங்கப்பா!" என்று தம்பி விசில் அடித்தான். நான் இரண்டு கையாலும் பட்டனை அள்ளி இழுத்துக்கொண்டு, இவரைப் பார்த்து, "பாத்தீங்களா? நீங்க போட்டதாலதான் கிடைச்சுது" என்று சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

அவர் என் ஏஸையும் கிங்கையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "வீட்டுக்கு" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அதோடு சரி.

அடுத்த ஞாயிறு சட்டையை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உடம்பு முடியவில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் கையை மெதுவாக எடுத்து விட்டுவிட்டு, "போ" என்றார். வெட்கம் கெட்டவள், நானும் போனேன். ஆட்டத்துக்கு நடுவில், எதற்கோ கேட்கிற மாதிரி டீச்சரிடம் கேட்டேன், ஒரே கையில் நாலும் ஒரே சீட்டாக வருவது எத்தனை தடவைக்கு ஒருமுறை என்று. டீச்சர் பெயிண்ட் டின் மூடியில் சாக்பீஸால் கணக்குப் போட்டார்.

"இருபதாயிரத்துச் சொச்சம் தடவைக்கு ஒண்ணும்மா. வாரத்துக்கு நாப்பது கைன்னு வச்சுக்கிட்டா, பத்து வருஷம் விடாம ஆடினா ஒரு தடவை வரலாம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன். அதற்கப்புறம் எனக்கு ஆட்டம் ஓடவில்லை. இரண்டு கை போட்டுவிட்டு, தலைவலி என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதிலிருந்து ஐந்து வாரம் அவரும் போகவில்லை, நானும் போகவில்லை. பேச்சுப் பயிற்சி அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "என்னங்க ஆச்சு? நல்லா ஏறிக்கிட்டு வந்துச்சே. இப்ப முன்னைவிடக் குறைஞ்சிருக்கு" என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி கடைக்குப் போய், ஒரு ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் நின்று, எல்லாவற்றையும் கொட்டினேன். ஜாக்கைச் சொன்னேன். ஏஸைச் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, அந்த ஆட்டத்தையே நாம மாமாவுக்காகத்தானே ஆரம்பிச்சோம்?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். பெயிண்ட் கடைக்காரர் அந்தப் போர்வையைக்கூடத் தூக்கி வந்திருந்தார். இவருக்கு மறுக்க வழியில்லை, உட்கார்ந்தார். சீட்டைக் கட்டையில் சொருகுகிற வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டான், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே சொருகினான். நான் பட்டியலை என்றைக்கோ கிழித்துப் போட்டிருந்தேன். "எனக்குச் சமையல்கட்டுல வேலை இருக்கு, நீங்க ஆடுங்க" என்று உள்ளே போய்விட்டேன்.

உள்ளே நின்றுகொண்டு காது கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் சீட்டு கவிழ்கிற சத்தம்தான் கேட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. எட்டுக் கைக்கும் போட்டுவிட்டார். தம்பி டம்ளரை எடுக்கிற சாக்கில் உள்ளே வந்தான்.

"அக்கா, சீட்டைக்கூடச் சரியா பாக்க மாட்டேங்கறார். சமையல்கட்டு வாசலைப் பாக்கறார், உடனே போட்டுடறார்."

"நான்தான் வெளியவே வரலையேடா."

"வரலைதான். ஆனா இங்கதானே இருக்கே." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "கோவிச்சுக்காதே. கொஞ்ச நேரம் எங்கயாவது போய்ட்டு வாயேன்."

என் வீட்டிலிருந்து என்னையே வெளியே போகச் சொல்கிறான்! சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த கரண்டியை ஓங்கி அடுப்பு மேல் வைத்தேன். ஹாலில் பேச்சு சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். அவர் அந்தக் கரண்டிச் சத்தத்துக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருஷமாக நான் கத்தும்போதெல்லாம் சிரித்தவர். பையை எடுத்துக்கொண்டேன். "பால் வாங்கிட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

பால் வாங்க ஐந்து நிமிஷம் போதும். தெருவை இரண்டு சுற்று சுற்றினேன். மருந்துக் கடைக்காரப் பெண் முதல் தடவை சிரித்தாள், இரண்டாவது தடவை, "என்னக்கா, எதையாவது தேடறீங்களா?" என்று கேட்டாள். கால் வலித்தது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, மெதுவாக மாடிப்படி ஏறினேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி தாண்டியபோது தொடையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சிரிப்பு. அவருடைய சிரிப்பு. அப்படியே நின்றுவிட்டேன்.

காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

"அன்... அன்னிக்கு..." என்றார் அவர்.

யாரும் குறுக்கே பேசவில்லை. நான் ஒரு சட்டையைப் பார்த்து முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். ஒருத்தர்கூட இருமவில்லை. என்னால் முடியாத அந்தக் காரியத்தை மூன்று பேரும் சர்வசாதாரணமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு... எனக்கு... நாலு... ஜாக்... வந்துச்சு."

"என்னது? ஒரே கைலயா? நாலுமா?" பெயிண்ட் கடைக்காரர் கத்தினார். "அட மாஸ்டர்! இவ்வளவு பெரிய விஷயத்தை வயித்துக்குள்ளயே வச்சிருந்தீங்களா?"

எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள். இவர் சிரிப்புக்கு நடுவில் "ஆமா, ஆமா" என்று சொல்வது கேட்டது. டீச்சர், "இருபதாயிரத்துல ஒண்ணு மாஸ்டர்! எங்கிட்டயாவது காட்டியிருக்கலாமே. என்ன பண்ணீங்க அதை?" என்றார்.

"போட்டுட்டேன்."

"ஐயோ, ஏன்?"

மறுபடியும் அதே காத்திருப்பு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடட்டும் என்று நினைத்தேன். அவள் கையில் ஏஸ் இருந்தது, அதனால் என்னைப் போட வைத்தாள் என்று நாலு பேருக்கு முன்னால் அவர் வாயாலேயே வரட்டும். அவர் பார்த்தார் அல்லவா, நான் திருப்பிப் போட்ட நாலு சீட்டையும்?

"அவ... சொன்னா. குப்பைன்னு." மூச்சு வாங்கினார். "சரியாத்தான்... சொன்னா. அவளுக்கு... எல்லாம்... தெரியும்."

டீச்சர், "கணக்குப்படி பாத்தா சரிதான்" என்றார். தம்பி, "சரி, அடுத்த கை" என்றான். யாரோ அடுத்த கைக்குச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்கள்.

பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதேன், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு. பத்துப் படி ஏறினால் வீடு. உள்ளே போய், "சரியாச் சொல்லலைங்க, எனக்கு நல்ல கை வந்திருந்துச்சு, அதுக்காகத்தான் உங்க வாயை அடைச்சேன்" என்று சொல்லிவிடலாம். எழுந்தேன். அப்போது உள்ளே அவர் மறுபடியும் ஏதோ ஆரம்பித்திருந்தார். நான் வாசலில் தலையைக் காட்டினால் அது நின்றுவிடும். அது உண்மைதான். சொல்லாமல் தப்பித்துக்கொள்ள எனக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் இறங்கி வரும் வரைக்கும் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.